மணி அடிக்காத அடக்கம்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஒரு பையனின் அடக்கம். ஆலய மணி அடிக்கக்கூடாது, பெட்டியை ஆலயத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாகக் குழி. அவன் அம்மா என் அங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஒரு ஜெபமாவது பண்ணுங்கய்யா, எம்புள்ள ஓய்வுநாள் பள்ளிக்கு ஒரு வாரம்கூட வராம இருந்ததில்ல" என்று அழுதார். நான் அவசரமாக இரண்டு வரி ஜெபித்துவிட்டு வந்தேன். அது தப்பு. இன்றும் உறுத்துகிறது.

இந்த வழக்கம் பழையது. 6-ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய போர்ச்சுக்கலில் இருக்கும் பிராகாவில் கூடிய திருச்சபைச் சங்கம், தற்கொலை செய்தவர்களுக்குச் சடங்கு கூடாது என்றது. ஆங்கிலத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகமும், கத்தோலிக்கரின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் அடக்க ஆராதனையை மறுத்தன. 1983-இல் வந்த புதிய கத்தோலிக்கச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று 1992-இல் அவர்களுடைய மறைக்கல்வி நூலே எழுதிவிட்டது. ஆனால் நம் பிரசங்கங்களில் மட்டும் "நேரே நரகம்" என்பது இன்னும் போகவில்லை.

அப்படிப் பிரசங்கிப்பவர்கள் சொல்லும் காரணம், மனந்திரும்ப நேரமில்லை என்பதுதான். சரி, அண்ணன் தம்பி சண்டையில் பத்து வருஷம் பேசாமல் இருந்து, அந்தக் கோபத்தோடேயே மாரடைப்பில் போகிறவருக்கு மட்டும் நேரம் இருந்ததா? அவருக்கு மணி அடிக்கிறோம், மாலை போடுகிறோம். இரட்சிப்பு கிருபையினால் என்று வாரா வாரம் சொல்லிவிட்டு, கல்லறையில் நிற்கும்போது மட்டும் அதைக் கடைசி நிமிஷக் கணக்காக்கிவிடுகிறோம்.

வேதாகமத்தில் வரும் இஸ்ரவேலின் ராஜா சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து செத்தவர். யாபேஸ் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? இராமுழுவதும் நடந்துபோய், பெத்சான் மதிலில் எதிரிகள் தொங்கவிட்ட அவர் உடலை இறக்கி, எரித்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். அடுத்து ராஜாவான தாவீது அவர்களைத் திட்டவில்லை, அந்தத் தயவுக்காகவே ஆசீர்வதித்தார்.

போதகர்களே, அடுத்த முறை மணி அடியுங்கள், பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள், அந்த வீட்டுக்கு அடுத்த மாசமும் போங்கள். அப்புறம், இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற யாருக்காவது வாழவே பிடிக்கவில்லை என்றால், அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், ராத்திரி எந்நேரமானாலும் தமிழிலேயே பேசலாம்.