கார்டுக்கு முன் மானிட்டர்: திரை கிழியாமல் கேம் ஆட

[திரையில்: கேம் காட்சி. கேமரா வேகமாகத் திரும்பும்போது ஒரு தூண் நடுவில் வெட்டுப்பட்டு விலகித் தெரிகிறது]

வணக்கம். இந்தத் தூணைப் பாருங்கள். மேல் பாதி ஓர் இடத்தில் நிற்கிறது, கீழ்ப் பாதி சற்றுத் தள்ளி நிற்கிறது. இதைத்தான் டியரிங் என்கிறோம். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டிலும் இது வரும். வேகமான கார்டு மட்டும் இதைச் சரிசெய்துவிடாது.

ஏன் என்று பார்ப்போம். மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 60 படம் வரைவது என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. கார்டுக்கு அப்படி ஒரு தாளக்கட்டு கிடையாது. வெறும் வானத்தைப் பார்த்தால் 5 மில்லிசெகண்டில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், முடியும், வெடிப்பும் புகையும் வந்தால் அதே ஃபிரேமுக்கு 15 ஆகும். மானிட்டர் பாதி வரைந்துகொண்டிருக்கும்போது புது ஃபிரேம் வந்து விழுந்தால், மீதிப் பாதி அதிலிருந்து வரும். கோடு விழும் இடம் அதுதான்.

இதற்குப் பழைய மருந்து வி-சிங்க். மானிட்டர் வரைந்து முடிக்கும் வரை கார்டை நிறுத்தி வைக்கும். கோடு போய்விடும். ஆனால் 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7-ஐத் தாண்டி 17 ஆனாலே போதும், அடுத்த சுற்று வரை பழைய படமே திரையில் நிற்கும். கண்ணுக்கு அது திக்கலாகத் தெரியும். மவுஸை அசைத்தால் திரை அசைவதற்கும் தாமதம் கூடும்.

[திரையில்: இரண்டு நேரக்கோடுகள். முதலில் கார்டு காத்திருக்கிறது, அடுத்ததில் மானிட்டர் காத்திருக்கிறது]

2013-இல் கார்டு தயாரிக்கும் என்விடியா ஜி-சிங்கை அறிவித்தபோது கணக்கே தலைகீழானது. கார்டு ஏன் காத்திருக்க வேண்டும்? மானிட்டர் காத்திருக்கட்டும். ஃபிரேம் தயாரானதும் வரையட்டும். அருமையான யோசனை, ஆனால் மானிட்டருக்குள் தனி போர்டு வைக்க வேண்டியிருந்ததால் விலை ஏறியது. அடுத்த ஆண்டே அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் இதே வசதி மானிட்டர் இணைப்புக்கான டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்ந்தது. என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி அதன்மேல் ஃப்ரீசிங்கைக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளை அந்த மானிட்டர்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் இன்று மானிட்டர் வாங்கும்போது எந்தக் கட்சி என்று யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்க வேண்டியது அடாப்டிவ்-சிங்க் வேலை செய்யும் ஹெர்ட்ஸ் வீச்சு. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருந்தால் நல்லது. நொடிக்கு வரும் ஃபிரேம் 48-க்குக் கீழே இறங்கினாலும், ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டிச் சமாளிக்க இடம் இருக்கிறது. 48 முதல் 75 வரைதான் என்றால் அந்த இடம் இல்லை. பெட்டியில் ஃப்ரீசிங்க் என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது கார்டுக்கு வருவோம். 1440பி திரையில் (2560 x 1440 புள்ளிகள்) சுமார் 37 லட்சம் பிக்சல். 4கே திரையில் சுமார் 83 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி தாராளம். இரண்டிலும் 16 ஜிபி நினைவகம். 4கே என்றால் ஆர்டிஎக்ஸ் 5080. அதற்கும் மேலே 32 ஜிபியோடு 5090 இருக்கிறது, ஆனால் 1440பி திரை வைத்திருப்பவர் அதற்குப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வித்தியாசத்தில் நல்ல மானிட்டரே வாங்கிவிடலாம்.

விமர்சனங்களில் சராசரி ஃபிரேம் எண்ணைவிட 1 சதவீத லோ, அதாவது மிக மந்தமான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம், என்ற எண்ணைப் பாருங்கள். சராசரி 140, லோ 50 என்றால் ஆடும்போது தடங்கல் தெரியும். சராசரி 110, லோ 90 என்றால் வெண்ணெயாக ஓடும். ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது கார்டே நடுவில் ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுவது, எண்ணைக் கூட்டிக் காட்டும், ஆனால் கையின் வேகத்துக்குத் திரை பதில் சொல்வதை அது விரைவாக்காது.

[திரையில்: வளவு (செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றப் பகுதி), அதை ஒட்டிய உள் அறை, மேசைமேல் கம்ப்யூட்டர்]

நம்ம ஊர் விஷயம் இரண்டு, இதை விட்டுவிடக் கூடாது. 5080 கார்டு 360 வாட், 5090 கார்டு 575 வாட் வரை இழுக்கும். இழுப்பது அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வரும். காரைக்குடியில் மே மாத மதியம், வளவை ஒட்டிய ஒற்றைச் சன்னல் அறையில் 5090 ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுவர் கனமாக இருக்கலாம், உள்ளே பிறக்கும் சூட்டுக்கு வெளியே போக வழி வேண்டுமே. ஏசி இல்லாத அறைக்கு 300 வாட் கார்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வளவின் திறந்த முற்றத்திலிருந்து தூசி வரும், கேபினெட்டின் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டுங்கள்.

அடுத்தது கரண்ட். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டே கார்டை மாட்டுங்கள். 5090-க்கு 1000 வாட், 5080-க்கு 850 வாட் பவர் சப்ளையை என்விடியாவே கேட்கிறது. கார்டின் பவர் கேபிளைக் கடைசி வரை அழுத்தி மாட்ட வேண்டும். அரைகுறையாக மாட்டினால் கனெக்டர் உருகும் அபாயம் உண்டு. யூபிஎஸ் வாங்கினால், வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையில் தரும் சைன் வேவ் வகையாக வாங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வரும் அண்ணனிடம் கார்டு வாங்கிவரச் சொல்வது நம் பக்கம் வழக்கம்தான். அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். கார்டு கெட்டுப்போனால் மறுபடி அங்கேயே அனுப்ப வேண்டிவரலாம்.

[திரையில்: விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பு]

சரி, எல்லாம் மாட்டியாகிவிட்டது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸில் ரெஃப்ரெஷ் ரேட் 60-லேயே நிற்கிறதா பாருங்கள், 144-க்கு மாற்றுங்கள். மானிட்டர் மெனுவில் அடாப்டிவ்-சிங்க் ஆன். என்விடியா என்றால் கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் ஆன், அங்கேயே வி-சிங்கும் ஆன், கேமுக்குள் வி-சிங்க் ஆஃப். அப்புறம் ஃபிரேம் வரம்பை 140 பக்கம் வையுங்கள். 144-ஐத் தொட்டுவிட்டால் பழைய வி-சிங்க் தாமதம் திரும்பி வந்துவிடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, பல கேமிங் மானிட்டர்களின் மெனுவில் ரெஃப்ரெஷ் ரேட்டைத் திரை மூலையில் காட்டும் வசதி இருக்கும். கேமை ஓடவிட்டு அதைப் பாருங்கள். ஃபிரேம் எண்ணோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கினால் சரி. 144-லேயே அசையாமல் நின்றால் கேபிளிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.