பிரேம் போடாத ஓவியத்தின் முதுகைப் பாருங்கள்

(காட்சி: கோத்தகிரியில் ஒரு வீடு. ஜன்னலுக்கு வெளியே மேகம். சுவரில் மாட்டியிருந்த கேன்வாஸைக் கழற்றித் திருப்புகிறார்கள்.)

முன்பக்கம் பளிச்சென்று இருக்கிறது, இல்லையா? இப்போது திருப்புகிறேன். கீழ் ஓரம் முழுக்கச் சாம்பல் சாம்பலாகப் புள்ளி. பூஞ்சை. ஐப்பசி மழை முடிந்து சுவருக்கு வெள்ளையடிக்கக் கழற்றியபோதுதான் இதைப் பார்த்தேன், அதுவரை முன்னால் மட்டும் தூசி தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பிரேமும் கண்ணாடியும் இல்லை என்றால் எல்லோருக்கும் முன்பக்கத்தைப் பற்றித்தான் கவலை. நம் மலையில் கேடு வருவது முதுகுப் பக்கமாக. பழைய கல் வீட்டின் வெளிச்சுவர் மழைக்காலம் முழுக்கச் சில்லென்று இருக்கும், வெந்நீர் ஆவி, சமையல் ஆவி, நம் மூச்சு எல்லாம் அந்தச் சில்லிப்பில் போய் ஈரமாகப் படியும், சுவரோடு ஒட்டித் தொங்கும் கேன்வாஸுக்குப் பின்னால் காற்று நுழைய வழியே கிடையாது. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அதுவே போதும். ஊட்டிக்கு ஆனி, ஆடியில் பாடு என்றால் குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்.

(காட்சி: தக்கைத் துண்டு, அருகில்.)

அதனால் முதலில் உள்சுவருக்கு மாற்றுங்கள். பாட்டில் தக்கையை வட்டமாக நறுக்கி, பின்பக்க மரக்கட்டையின் கீழ் மூலை இரண்டிலும் ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே விரல் நுழைந்தால் சரி. அப்புறம், பிளாஸ்டிக் நெளி அட்டை ஒன்றை அந்தக் கட்டையில் திருகி முதுகை மூடலாம். துணியில் அட்டை படக் கூடாது. வெயிலடிக்கிற நாளாகப் பார்த்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவீர்கள்.

கணப்புக்கு மேலே மாட்டவே மாட்டாதீர்கள். சூடும் புகைக்கரியும் நேராக அங்கேதான் போகும்.

வார்னிஷ் அடிக்கலாமா? அடிக்கலாம், ஆனால் கனமான எண்ணெய் வண்ணம் காய ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். மேகம் இறங்கிய நாளில் அடித்தால் பாலாடை படிந்த மாதிரி வெளுத்துவிடும். அக்ரிலிக் வண்ணத்துக்கு வேறு குணம்: ஜனவரி உறைபனியில் விறைத்துக்கொள்ளும், அப்போது சுருட்டினால் விரிசல் விடும். கோயம்புத்தூர் வெயிலுக்குக் கொண்டுபோனால் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பூஞ்சை வந்துவிட்டதா? மற்றப் படங்களிலிருந்து தள்ளி வைத்து, நன்றாக உலர விட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி மட்டும் வேண்டாம். வண்ணத்துக்குள்ளேயே இறங்கியிருந்தால் நாம் கை வைக்கக் கூடாது, ஓவியங்களைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

(காட்சி: காகிதத்தில் வரைந்த குறும்பர் ஓவியம்.)

இது நம் நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர் வரைவது, வேறு கதை. வேங்கைப் பிசின், இலைச்சாறு என்று காட்டிலிருந்து எடுத்த வண்ணம், அதுவும் காகிதத்தில். இதன்மேல் வார்னிஷ் அடித்தால் காகிதம் குடித்துவிடும். திறந்து வைத்தால் வெள்ளிப்பூச்சி அரிக்கும், இலைப்பச்சை வெளிச்சத்தில் வெளுக்கும். இதற்கு மட்டும் பிடிவாதம் பிடிக்காமல் பிரேம் போட்டுவிடுங்கள், கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லி.