கல் பிரிதல்: ஓர் ஆங்கிலச் சொல்லும் திருகோணமலைக் கற்களும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆலய அறங்காவலர்களே, கல்லூரி அதிபர்களே, பணிச்சுமைக்கிடையிலும் வந்து முன்வரிசையை அழகுசெய்யும் பிரதேச செயலாளர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கட்டிடம் பராமரிப்பின்றிச் சிதைவதைக் குறிக்கும் ‘டிலாபிடேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு, சட்டத்தில் அது பெற்ற பொருள், அது நினைவூட்டும் நம் ஊர்க் கற்கள் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச எழுந்துள்ளேன். இலத்தீனில் ‘லாபிஸ்’ என்றால் கல். ‘டிஸ்’ என்னும் முன்னொட்டு பிரிந்து சிதறுவதைக் காட்டும். கல்லை வாரி இறைப்பதுபோலச் சொத்தை அழிப்பதை உரோமர் இவ்விரண்டும் சேர்ந்த வினைச்சொல்லால் குறித்தனர். இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டத்திலோ, பொறுப்பிலிருந்த கட்டிடத்தைப் பாதிரியார் செப்பனிடாது விட்ட குற்றத்துக்கே அது பெயராயிற்று. பழுதுபார்க்கும் செலவை, அவர் இறந்தபின்னும் அவருடைய சொத்திலிருந்து, அடுத்து வந்தவர் வழக்காடிப் பெற முடிந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம். எறும்பை ஊரவிட்டவர் யார் என்று அச்சட்டம் கேட்டது.

கோணேசர் கோயிலில் மன்னன் குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பான் என்று நம் ஊரில் வழிவழியாக ஒரு வெண்பா வழங்குகிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தனர். இணைக்கயல் பொறித்த சிதைந்த தமிழ்க் கல்வெட்டு இன்று பிரடெரிக் கோட்டை எனப்படும் அக்கோட்டையின் வாயிலில் இன்றும் நிற்கிறது. அது பகைவர் பிரித்த கல். நாம் பிரிக்கும் கற்களைப் பற்றியே எனக்குக் கவலை.

மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் துவைக்கும் கல்லைக் கண்டேன். விளிம்பில் சவர்க்காரம் காய்ந்து வெண்மையாகப் படிந்திருந்த கீறல்களை விரலால் தடவினேன், எழுத்து! வீட்டு அம்மா, “இது எங்கட மாமி காலத்துக் கல்லு தம்பி, நல்ல வழவழப்பு, உடுப்புக் கிழியாது” என்றார். தண்ணீர் ஊற்றித் தேங்காய்த் தும்பால் தேய்த்தபோது ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்னும் மங்கலத் தொடக்கம் மட்டும் தெரிந்தது. அரசன் பெயர், கொடை, கொடுத்தவர் ஊர் யாவும் இரண்டு தலைமுறைச் சலவையில் கரைந்துவிட்டன. எறும்பு ஊரக் கல்லும் தேயும்! செய்தியறிந்த அந்த அம்மா, அன்றே பிள்ளைகளைக் கூப்பிட்டு, அலவாங்கால் கல்லை நெம்பித் திண்ணையில் ஏற்றிவைத்தார்.

அறங்காவலர்களே, கும்பாபிஷேகத் திருப்பணியின்போது பழைய கற்களுக்குச் சீமெந்தும் எனாமல் வர்ணமும் பூசுமுன் ஒவ்வொரு முகத்தையும் படமெடுங்கள். எழுத்துத் தெரிந்தால் வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மண்டப வாயிலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். உங்கள் கோயிலிலோ வளவிலோ எழுத்துள்ள கல் இருந்தால், இடத்தை அதில் எழுதிச் செல்லுங்கள். நாங்கள் வந்து பார்க்கிறோம்.