பழைய பெல்ட்டுல சவரக்கத்தி தீட்டுற தோல் செய்யலாமா?

அடுத்த கேள்வி தேவகோட்டையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, எங்க ஐயாவோட மடக்குச் சவரக்கத்தி பெட்டகத்துல கிடந்துச்சு. தீட்டுற தோல் வாங்கலாம்னு பாத்தா விலை கட்டுபடியாகலை. பழைய பெல்ட்டுல செஞ்சுக்கலாமா?"

தாராளமா செய்யலாம் தம்பி. ஆனா அது நெசத் தோலா இருக்கணும். இப்ப வர்றதுல ரெக்சினும், தோல் தூளை ஒட்டி அமுக்கினதும்தான் நெறைய. ஓரத்தை லேசா வெட்டிப் பாருங்க. அட்டை மாதிரி அடுக்கு அடுக்கா உரிஞ்சா தூக்கிப் போட்ருங்க. பட்டை போட்டுப் பதனிட்ட தோல்னா, நம்ம பக்கம் அந்தக் காலத்துல ஆவாரம்பட்டைதான், உள்ள வரைக்கும் பழுப்பா இருக்கும். மேல்பூச்சைத் தேச்சு எடுத்துட்டு ஒரு சொட்டுத் தண்ணி விட்டா உறிஞ்சிக் கறுக்கும். அதுதான் நமக்கு வேணும்.

தொங்க விடாதீங்க, பலகையில ஒட்டிருங்க. தொங்குற வார் தொய்ஞ்சா கத்தியோட கூர் உருண்டு போயிரும். ஒரு அடி நீளத்துக்குத் தேக்குத் துண்டு போதும், இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற கடையில சல்லிசாக் கிடைக்கும். அதைச் சமமாக்க ஒரு வழி சொல்றேன். ஒட்டாம மிஞ்சின ஆத்தங்குடிக் கல் ஒண்ணு வீட்டுல கிடக்கும்ல? அதைக் கண்ணாடி மேல வச்சு வார்க்கிறதால முகம் மட்டமா இருக்கும். உப்புத்தாளை அது மேல விரிச்சுப் பலகையைத் தேய்ங்க. அப்புறம் ஃபெவிகால் தடவி, தோலோட சொரசொரப்புப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி ஒட்டி, அதே கல்லைக் கவுத்து, மேல அம்மிக் குழவியை ஏத்தி ராத்திரி பூரா விட்ருங்க.

எண்ணெய் விசயத்துல நான் ஏமாந்திருக்கேன். மொதத் தோலுக்குத் தேங்காயெண்ணெயை அள்ளி ஊத்தி, நமுத்த அப்பளம் மாதிரி ஆயிருச்சு. கத்தி அதுல அமுங்கி அமுங்கி மழுங்குனதுதான் மிச்சம். விரல் நுனியில ஒரு பொட்டு போதும். சும்மா உள்ளங்கையால தேச்சாலே தோல் பதத்துக்கு வரும்.

தீட்டும்போது முதுகு முன்னால போகணும், கூர் பின்னால வரணும். தீட்டின மரத்துலயே கூர் பாக்கிறதும்பாங்கள்ல, மாத்தித் தள்ளினா அதேதான், தோல் சீவிக்கிட்டு வந்துரும். கடைசியில திருப்புறப்போ முதுகு தோலை விட்டு எந்திரிக்கவே கூடாது, அது மேலயே புரட்டணும். கத்தி வாய் மூணு அங்குலம் வரும், பெல்ட் ஒன்றரைதான், அதனால சாய்வா இழுங்க, அடியிலேருந்து நுனி வரைக்கும் தோல்ல படும். அழுத்தமே வேணாம், இருபது முப்பது தடவை போயிட்டு வந்தாப் போதும்.

இன்னொண்ணு, ஐயா வச்ச கத்தி இத்தனை வருசம் கிடந்திருக்கு. வாயில துருவோ பல்லோ இருந்தா தோலுக்குக் கேக்காது. மொதல்ல தீட்டுக்கல்லுல ஏத்தணும். அது தெரிஞ்சவங்க கையில குடுத்து வாங்கிக்கங்க தம்பி.