விண்கலத்தில் ஒரு டாக்டர் வேண்டும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பணி முடிந்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, நமக்காக இன்று கூடுதல் நேரம் கதவைத் திறந்துவைத்திருக்கும் நூலகர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்து என்னை மகிழ்வித்த செயலாளர் தம்பி அவர்களே, பள்ளிச் சீருடையோடே வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

டாக்டருக்குப் படித்தவர்கள் விண்வெளிக்குப் போன கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். யார் போனார்கள், அங்கே என்ன செய்தார்கள், நம் நாடு என்ன செய்ய வேண்டும் என்று மூன்று செய்திகள்.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பார் என் பாட்டி. 1961இல் சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் தீத்தோவுக்கு மேலே குமட்டியது. டாக்டர்கள் எல்லாரும் கீழே இருந்தார்கள். 1964 அக்டோபர் 12 அன்று வோஸ்கோத்-1 கலத்தில் போரிஸ் யெகோரோவ் ஏறினார். விண்வெளிக்குப் போன முதல் டாக்டர் அவர்தான்.

அப்புறம் அமெரிக்காவின் ஜோசப் கெர்வின். கடற்படை மருத்துவர், விமானம் ஓட்டவும் கற்றவர். 1965இல் தேர்வானவர், எட்டு வருடம் காத்திருந்து 1973இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போனார். போனது மனித உடம்பை ஆராய. ஆனால் ஏவும்போதே நிலையம் அடிபட்டிருந்தது. சூரியத்தகடு இறக்கைகளில் ஒன்று பிய்ந்து போய்விட்டது. இன்னொன்றை ஓர் அலுமினியப் பட்டை விரியவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் போதவில்லை. ஜூன் 7 அன்று கேப்டன் பீட் கான்ராடும் நம் டாக்டரும் வெளியே இறங்கினார்கள். நீளக் கழியின் நுனியில் வெட்டுக்கருவி. கால் ஊன்ற இடம் கிடையாது. கழியைப் பிடித்தால் உடம்பு சுழல்கிறது, உடம்பைப் பிடித்தால் கழி ஆடுகிறது. கடைசியில் கெர்வின் தன்னைக் கட்டியிருந்த கயிற்றை ஒரு வளையத்தில் கோத்து இரட்டையாக்கி, இழுத்து இறுக்கி, அதன் பலத்தில் நிமிர்ந்து நின்றார். பட்டை அறுந்தது. அப்போதும் இறக்கை முழுதாக விரியவில்லை, கீல் உறைந்து கிடந்தது. இருவரும் கயிற்றைத் தோளில் போட்டு எழும்பினார்கள், கிணற்றில் கவலை இழுக்கிற மாதிரி. சட்டென்று கீல் விட்டது; இரண்டு பேரும் வெளியில் தூக்கி எறியப்பட்டார்கள்! கட்டியிருந்த கயிறுதான் காப்பாற்றியது. இறக்கை விரிந்தது, நிலையம் பிழைத்தது. 28 நாள் தங்கித் தன் வேலையையும் முடித்துவிட்டுத்தான் கெர்வின் இறங்கினார். நான் டாக்டர், இது மெக்கானிக் வேலை என்று அவர் ஒதுங்கவில்லை, பிள்ளைகளே.

ரஷ்யாவின் வலேரி பொல்யாகோவ் 1972இல் தேர்வாகி 1988இல்தான் முதன்முதலாகப் பறந்தார். பதினாறு வருடம்! பிறகு 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் ஒரே மூச்சில் 437 நாள். செவ்வாய்க்குப் போகும் மனித உடம்பு தாங்குமா என்று தன் உடம்பிலேயே பார்த்த மருத்துவர். இறங்கியதும் தூக்க வந்தவர்களை விடுத்து, பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்குத் தானே நடந்து போனார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதற்கு இவரைவிட யாரைச் சொல்ல?

சரி, நம் வீட்டுக்கு வருவோம். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு முதலில் தேர்வான நான்கு பேரும் விமானப்படைச் சோதனை விமானிகள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், நமக்குப் பெருமை. புதுக் கலத்துக்கு முதலில் விமானி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்று அறிவித்திருக்கிறோம். அங்கே மாதக்கணக்கில் தங்குகிறவருக்கு நடுராத்திரி நெஞ்சு வலித்தால் பக்கத்தில் யார்? பொல்யாகோவுக்குப் பதினாறு வருடம் பிடித்ததே, நாம் இப்போதே டாக்டர்களைத் தேர்வு செய்தால்தானே அன்றைக்கு ஆள் தயாராக இருக்கும்? அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

இஸ்ரோவுக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. டாக்டர் அம்மா முதல் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் வாருங்கள், பேனா இரண்டு வைத்திருக்கிறோம். வணக்கம்.