117-ஆவது நிமிடத்தில் ஒரு கால்: ஹொமாரே சவாவின் கதை

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீடியோ கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். ரொம்ப நாளாக நான் பேச வேண்டும் என்று வைத்திருந்த ஓர் ஆளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

2011 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. நம் நேரத்துக்கு மேட்ச் தொடங்கும்போது மணி பன்னிரண்டே கால், தேதியே மாறிவிட்டது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை ஃபைனல், அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அன்றுவரை ஜப்பான் அமெரிக்காவோடு 25 மேட்ச் ஆடியிருந்தது. 22 தோல்வி, 3 டிரா. ஜெயித்தது ஒன்றுகூட இல்லை.

எக்ஸ்ட்ரா டைம், 117-ஆவது நிமிடம். அமெரிக்கா 2, ஜப்பான் 1. ஜப்பானுக்கு ஒரு கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து பந்தை உதைக்கிற வாய்ப்பு. இந்த இடத்தில் நிறுத்துகிறேன், திரும்ப வருகிறேன். அந்தப் பந்தை நோக்கி ஓடிய 10-ஆம் நம்பர் ஜெர்சிக்காரி எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால்தான் அந்த ஓட்டம் புரியும்.

அவர் பெயர் ஹொமாரே சவா. 1978 செப்டம்பர் 6-ஆம் தேதி பிறந்தவர், தோக்கியோவில் ஃபுச்சூ என்ற ஊரைச் சேர்ந்தவர். ஹொமாரே என்பதை எழுதுகிற இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்கு நெற்கதிர் என்று அர்த்தம், இன்னொன்றுக்கு விருப்பம், நம்பிக்கை. எனக்கு ரொம்பப் பிடித்த பெயர்.

அவருக்கு ஒரு வயது மூத்த அண்ணன். அண்ணன் ஆடிய பையன்கள் அணியிலேயே தங்கையும் சேர்ந்துவிட்டார், ஆரம்பப் பள்ளி வயதில். 1980-களின் ஜப்பானில் ஃபுட்பால் ஆட நினைக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்கு வேறு போக்கிடம் பெரிதாக இல்லை. ஜப்பான் பெண்கள் தேசிய அணியே 1981-இல்தான் முதல் முறையாக ஆடியது. பெண்கள் லீக் வந்தது 1989-இல்.

பையன்களோடு ஆடி வளர்ந்த பெண்களின் ஆட்டத்தில் ஒரு விஷயம் இருக்கும், நீங்களும் கவனித்திருப்பீர்கள். தோளோடு தோள் மோதினால் விழப்போவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மோதலுக்கு முன்பே பந்து எங்கே விழும் என்று பார்த்து அங்கே போய் நின்றுவிடுவார்கள். சவாவின் பழைய மேட்ச்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மிட்ஃபீல்டில் எதிரணிக்காரர் பாஸ் போடக் காலைத் தூக்கும்போதே இவர் நகர ஆரம்பித்துவிடுவார். வேகமான ஆட்டக்காரர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். ஆனால் கிளம்புவதில் முதல் ஆள் அவர்தான்.

பன்னிரண்டு வயதில் யோமியூரி கிளப்பின் பெண்கள் அணியான பெலேசாவில் சேர்ந்து லீக் மேட்ச் ஆடினார். பன்னிரண்டு வயது! நம் கணக்கில் ஏழாம் வகுப்பு. 1993 டிசம்பரில், பதினைந்து வயதில், தேசிய அணியில் முதல் மேட்ச். மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் பிலிப்பைன்ஸுக்கு எதிராக. முதல் மேட்சிலேயே நான்கு கோல்.

இதோடு நிறுத்தினால் ஏதோ அதிர்ஷ்டக்காரியின் கதை மாதிரி இருக்கும். இனிமேல்தான் கஷ்டமே.

1999 உலகக் கோப்பையில் ஜப்பான் தன் பிரிவில் கடைசி இடம். அதனால் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸுக்குப் போக முடியவில்லை. அதே சமயம் ஜப்பான் பொருளாதாரமும் படுத்துக் கிடந்தது. பெண்கள் அணிகளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டன, அணிகள் கலைந்தன. இருபது வயதில், தான் ஆடும் லீக்கே கண்ணுக்கு முன்னால் கரைவதைப் பார்க்கிற ஓர் ஆட்டக்காரியை நினைத்துப் பாருங்கள். சவா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பினார். 2001-இல் அங்கே பெண்களுக்கான தொழில்முறை லீக் ஆரம்பித்தபோது அட்லாண்டா பீட் அணியில் ஆடினார். 2003-இல் அந்த லீக்கும் மூடப்பட்டது. திரும்ப பெலேசாவுக்கே வந்தார்.

அடுத்து 2004 ஏப்ரல் 24. அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியாது.

தோக்கியோ தேசிய மைதானம். ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்கான தகுதி மேட்ச், எதிரில் வட கொரியா. ஜப்பான் பல வருடங்களாக ஜெயிக்க முடியாத அணி. தோற்றால் தொடர்ந்து இரண்டாவது ஒலிம்பிக்ஸும் போச்சு. அப்படிப் போயிருந்தால் ஜப்பானில் பெண்கள் ஃபுட்பாலே முடிந்துபோயிருக்கும் என்று பயந்தவர்கள் நிறையப் பேர். பார்க்க வந்தவர்கள் 31,000-க்கும் மேல். சவாவுக்கு வலது முழங்காலில் காயம், உள்ளே இருக்கிற ஜவ்வில் பிரச்சினை. வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பந்தோடு வந்த வட கொரிய வீராங்கனையோடு நேராக மோதிப் பந்தைப் பறித்தார். காயம்பட்ட காலோடு! அதைப் பார்த்த மற்ற பத்துப் பேரும் அதற்கப்புறம் ஆடிய ஆட்டமே வேறு. 3-0. அந்த வருடம்தான் அணிக்கு நதேஷிக்கோ என்ற பெயர் வந்தது. இளஞ்சிவப்பில் பூக்கிற ஒரு சின்னப் பூவின் பெயர் அது.

நான்கு வருடம் கழித்து, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் வெண்கல மேட்சுக்கு முன்னால் சவா சக ஆட்டக்காரிகளிடம் சொன்னது ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும்: கஷ்டமாக இருக்கும்போது என் முதுகைப் பாருங்கள். அந்த மேட்சில் ஜெர்மனியிடம் தோற்றார்கள். இருந்தாலும் அந்த வார்த்தை நின்றுவிட்டது. அவர் அதை முழங்கால் வலியோடு ஏற்கெனவே செய்து காட்டியிருந்தார் அல்லவா.

சரி, 2011-க்கு வருவோம். மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானில் பூகம்பம், சுனாமி, அப்புறம் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து. நான்கே மாதத்தில் இந்தப் பெண்கள் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை ஆடப் போகிறார்கள். அணியில் பல பேர் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சி செய்கிறவர்கள். கரீனா மருயாமா என்ற ஃபார்வர்டு ஒரு காலத்தில் அந்த ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலேயே வேலை பார்த்தவர், அந்த மின்சாரக் கம்பெனியின் அணியில் ஆடியவர்.

காலிறுதியில் எதிரணி ஜெர்மனி. சொந்த மண்ணில் ஆடுகிறார்கள், அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளும் அவர்களுடையவை. மேட்சுக்கு முன் கோச் நோரியோ சசாகி தன் அணிக்கு சுனாமி பாதித்த ஊர்களின் படங்களைக் காட்டினார். 108-ஆவது நிமிடத்தில் சவா தூக்கிப் போட்ட பாஸ், ஓடிப்போய் அடித்தவர் அதே மருயாமா. 1-0. இதை எப்போது சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அரையிறுதி ஸ்வீடனோடு. பத்தாவது நிமிடத்தில் சவா போட்ட தப்பான பாஸ் ஸ்வீடன்காரியின் காலில் விழுந்து கோலாகிவிட்டது. உலகக் கோப்பை அரையிறுதியில், முப்பத்திரண்டு வயதில், உங்களால் ஒரு கோல். அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். பந்தை எடுத்து நடுவில் வை, ஆடு, அவ்வளவுதான். சக ஆட்டக்காரி கவாசுமி சமன் செய்தார். 60-ஆவது நிமிடத்தில் சவாவே தலையால் முட்டி ஜப்பானை முன்னால் கொண்டுபோனார். 3-1.

இப்போது ஃபைனல். அமெரிக்காவின் அலெக்ஸ் மார்கன் ஒரு கோல், 81-ஆவது நிமிடத்தில் ஜப்பானின் அயா மியாமா சமன். எக்ஸ்ட்ரா டைமில் அமெரிக்காவின் அப்பி வாம்பாக் தலையால் ஒன்று. சவா பின்னால் மறுபடி அமெரிக்கா போய் ஆடியபோது, வாஷிங்டன் ஃப்ரீடம் அணியில் இரண்டு சீசன் அவரோடு சேர்ந்து ஆடியவர் வாம்பாக். சவாவுக்கு உயரம் சுமார் 165 செ.மீ., வாம்பாக்குக்கு 180.

நான் நிறுத்தி வைத்த கார்னருக்கு வந்துவிட்டோம். முடிந்தால் இந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மியாமா பந்தை உதைக்கிறார். பெட்டிக்குள் அத்தனை பேரும் கோலுக்கு முன்னால் முட்டிக்கொண்டு நிற்க, சவா மட்டும் எல்லோரையும் தாண்டி நியர் போஸ்ட் பக்கம், அதாவது பந்துக்குக் கிட்டே இருக்கிற கோல் கம்பத்தை நோக்கி ஓடுகிறார், பந்து வருகிற திசையிலேயே. கோல் அவருக்குப் பின்னால் போய்விட்டது. பந்து தலைக்கு எட்டாத தாழ்வில் வருகிறது. திரும்பி அடிக்க நேரமும் இல்லை. குதித்து, வலது காலை முன்னால் நீட்டி, பாதத்தின் வெளிப்பக்கத்தால் ஒரே ஒரு தட்டு. பந்து அவர் ஓடிய திசைக்கு எதிராக, பின்னால் போய் வலைக்குள் விழுகிறது. கோல்கீப்பர் ஹோப் சோலோ, உலகத்திலேயே அன்று சிறந்தவர், அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2-2.

அதிர்ஷ்டம் என்று அப்போது சில பேர் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. அந்த இடத்துக்கு வேறு யாராவது ஓடினார்களா? ஃபுச்சூவில் பையன்களுக்கு நடுவில் ஓடிய அதே ஓட்டம்தான் அது. பெரிய உடம்புகள் நிற்கிற இடத்தில் நிற்காதே, பந்து விழப்போகிற இடத்துக்கு முதலில் போ.

பெனால்டிக்கு முன் ஜப்பான் பெண்கள் வட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையாகவே சிரித்தார்கள், கோச்சும் சேர்ந்து. ஜப்பான் கோல்கீப்பர் கைஹோரி அமெரிக்காவின் முதல் உதையைக் காலாலேயே தடுத்தார். கடைசி உதையை வலையில் சேர்த்தவர் இருபது வயது சகி குமகாய். 3-1. ஆண்களோ பெண்களோ, சீனியர் உலகக் கோப்பையை ஜெயித்த முதல் ஆசிய நாடு ஜப்பான். ஐந்து கோலோடு அதிக கோல் அடித்தவர் விருதும், சிறந்த ஆட்டக்காரர் விருதும் சவாவுக்கு. அது அவருடைய ஐந்தாவது உலகக் கோப்பை.

2012 ஜனவரியில் சூரிச் விழாவில் கிமோனோ உடுத்திக்கொண்டு வந்து உலகின் சிறந்த வீராங்கனை விருதை வாங்கினார். அதற்கு முன் ஐந்து வருடமும் தொடர்ந்து வாங்கியவர் பிரேசிலின் மார்த்தா. ஆனால் விருது வாங்கி இரண்டே மாதத்தில் தலைசுற்றல் நோய் வந்து சவா ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. காதுக்குள் சமநிலை கெட்டுப்போய் உலகமே சுழலுகிற நோய் அது. தேறி வந்து லண்டன் ஒலிம்பிக்ஸ் ஆடினார். வெம்ப்ளியில் 80,000 பேருக்கு முன்னால் ஃபைனல், அமெரிக்காவிடம் 2-1 தோல்வி, வெள்ளிப் பதக்கம். 2015-இல் ஆறாவது உலகக் கோப்பையும் ஆடினார். தேசிய அணிக்காக மொத்தம் 205 மேட்ச், 83 கோல்.

2015 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். ஆனால் சீசன் முடியவில்லை, அப்போது அவர் ஆடிய ஐனாக் கோபே அணிக்கு, ஜப்பான் பெண்கள் அணிகளுக்கான பேரரசி கோப்பை மேட்ச்கள் பாக்கி. டிசம்பர் 27, கவாசாக்கியில் தொதோரொகி மைதானம், நீகாத்தா அணியோடு ஃபைனல். 20,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள், பெரும்பாலும் அவரைக் கடைசியாகப் பார்க்க. எழுபது நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. 78-ஆவது நிமிடத்தில் கோபேவுக்கு ஒரு கார்னர். பந்து உள்ளே வருகிறது, முதலில் கிளம்பியவர் முப்பத்தேழு வயது சவா. தலையால் முட்டினார். 1-0. அன்றைய ஒரே கோல், அவருடைய கடைசி மேட்ச்சின் கோல்.