பாரம் எந்தக் காலில்?

நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஆளை எதிரே நிறுத்தி, பார்த்துப் பார்த்து மனித உருவம் தீட்டப் பழகுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஆனால் கேட்கிற எல்லாரிடமும் ஓர் உடம்பு இருக்கிறது. அது போதும்.

கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களும் அடுப்பில் எதையாவது வைத்திருப்பவர்களும் பிறகு செய்து பார்க்கலாம். பேருந்துக்குக் காத்திருக்கும்போது நிற்போமே, அப்படி ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்றதைத் தளர விடுங்கள். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வையுங்கள். பாரம் தாங்கும் பக்கத்துக் கை மேலே ஏறியிருக்கும், தளர்ந்த பக்கத்துக் கை இறங்கியிருக்கும். தோளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: இடுப்பு ஏறிய பக்கம் தோள் தாழ்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் முதுகெலும்பு வளைந்து கொடுத்து நம்மை விழாமல் வைத்திருக்கிறது. இத்தாலிய ஓவியர்கள் இதற்குக் கான்ட்ரபோஸ்டோ என்று பெயர் வைத்தார்கள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, பாரம் எந்தக் காலில் என்ற கேள்வி மறக்கக் கூடாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. முகத்தில் ஆரம்பிக்கிறார்கள். கண், இமை, மூக்குத்துவாரம் என்று அரைமணி நேரம் போய்விடும். இடுப்புக்கு வரும்போது தாளில் பாதிக்கும் குறைவாகத்தான் இடம் மிச்சம். காலைக் குட்டையாக்குவார்கள், இல்லாவிட்டால் பாதத்தை இடம் இருக்கிற பக்கமாக நகர்த்தி வைப்பார்கள். பாதம் நகர்ந்ததும் பாரம் போயிற்று. பிறகு எவ்வளவு அழகாக நிழல் தீட்டினாலும் அந்த உருவம் சாய்ந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு மருந்து கொத்தனாரிடம் இருக்கிறது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு பிடிப்பார் அல்லவா? ஒரு முழ நூலில் ஓர் இரும்பு மரையைக் கட்டுங்கள், நமக்கு அது போதும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, மாடலின், அதாவது எதிரே நிற்பவரின், தொண்டைக்குழியில் நூல் படும்படி பிடியுங்கள். காறை எலும்புகள் இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதுதான் தொண்டைக்குழி. நம்மைப் பார்த்து ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறவருக்கு, நூல் அந்தக் காலின் உள்கணுக்கால் பக்கத்தில் இறங்கும். இரு காலிலும் சமமாக நின்றால் பாதங்களுக்கு நடுவே இறங்கும். நாற்காலியிலோ சுவரிலோ சாய்ந்திருந்தால் கணக்கு மாறும். அப்போது சாய்மானத்தையும் சேர்த்து வரைய வேண்டும், இல்லாவிட்டால் ஆள் காற்றில் சாய்ந்திருப்பார். தாளில் முதல் கோடு இந்த நூல்கோடாக இருக்கட்டும். அடுத்து தலைக்கும் குதிகாலுக்கும் எல்லை. முகம் காத்திருக்கும்.

அளவெடுக்கும்போது முழங்கையை மடக்காதீர்கள். கரித்துண்டை நீட்டிப் பிடித்துத் தலையை அளந்துவிட்டு, காலை அளக்கும்போது கை சற்று மடங்கினால் கரித்துண்டு கண்ணுக்கு அருகில் வந்துவிடும். காலின் அளவு குறைவாக விழும். கால் குட்டையாகப் போவதற்கு இது இன்னொரு காரணம். நிற்கிற ஆள் சுமார் ஏழரைத் தலை உயரம், பாதி உயரம் ஏறக்குறைய கவட்டையில் வரும் என்று சொல்வார்கள். நின்றால் சரி. உட்கார்ந்தாலோ, கால் நம் பக்கமாக நீட்டிப் படுத்தாலோ அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரில் அளப்பதுதான் வழி. மாடலுக்கு மிக அருகில் நிற்கவும் வேண்டாம். ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்கு, ஏறக்குறைய 15 அடி தள்ளி நின்றால் முழு உருவமும் ஒரே பார்வையில் அடங்கும். 6 அடியில் நின்றால் பாதத்தை மேலிருந்து குனிந்து பார்ப்போம், தலையை நிமிர்ந்து பார்ப்போம். படத்தில் அவை இரண்டும் ஒட்டாது.

மாடல் அசையாமல் நிற்பதை நிலை என்போம். வகுப்பைச் சின்னச் சின்ன நிலைகளில் தொடங்குவது நல்லது. ஒரு நிமிடம் வீதம் 10 நிலைகள், 5 நிமிடம் வீதம் 4, அப்புறம்தான் 20 நிமிட நிலை. ஒரு நிமிடத்தில் கண்ணிமை வரைய முடியாது, பாரத்தை மட்டும்தான் பிடிக்க முடியும். அதற்காகத்தான் அந்த ஒரு நிமிடம்.

நீண்ட நிலையில் வேறு ஒரு தொல்லை. உடம்பு இறங்கும். முதல் சில நிமிடங்களிலேயே நெஞ்சுக்கூடு இடுப்பின் மேல் அமிழும், கழுத்து முன்னால் வரும், தூக்கிய கை தாழும். மாடலின் சோம்பல் இல்லை இது, பாரத்தின் வேலை. மாணவர் என்ன செய்கிறார்? மூன்றாவது நிமிடத்துத் தோளையும் பதினைந்தாவது நிமிடத்து முழங்கையையும் ஒரே கையில் சேர்த்துவிடுகிறார். மேல்கை நீண்டுபோகிறது. எங்கே தப்பு என்றும் புரியாது, ஏனென்றால் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார்! ஆகவே முதல் இரண்டு மூன்று நிமிடம் கரியைத் தொடாமல் பாருங்கள். உடம்பு அமர்ந்த பிறகு நூல்கோடு போடுங்கள். போட்ட பிறகு மாடல் அசைந்தாலும் துரத்தாதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிட ஓய்வு கட்டாயம். மாடல் ஓய்வுக்குப் போவதற்கு முன் குதிகாலையும் பெருவிரலையும் சுற்றிச் சாக்பீஸ் கோடு, கை ஊன்றிய இடத்தில் ஒட்டுநாடா, பார்வை போகிற சுவரில் ஒரு புள்ளி. திரும்பி வந்ததும் அதே இடம். நிலையைத் திருத்த வேண்டுமானால் வாயால் சொல்லுங்கள், தொட்டுத் திருப்பக் கூடாது. நிழற்படம் எடுக்கவே கூடாது.

இறங்காத மாடலும் உண்டு: பிளாஸ்டர் சிலை. ஐரோப்பியக் கலைப்பள்ளிகளில் முதலில் அச்சுப்படத்தைப் பார்த்து வரைவது, பிறகு பிளாஸ்டர், கடைசியில்தான் ஆள் என்று வரிசை வைத்திருந்தார்கள். பெண்களுக்கோ நெடுங்காலம் அந்தக் கடைசி அறைக் கதவு மூடியே இருந்தது. லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக்கழகம் 1768இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். அடுத்த சில ஆண்டுகளில் யோஹான் ஸோஃபனி என்ற ஓவியர் அந்த உறுப்பினர்களை ஆடையில்லா மாடலோடு ஒரே அறையில் கூட்டி வரைந்தார். ஆண்கள் அறையில் நிற்கிறார்கள். இந்த இரண்டு பேரும் சுவரில் மாட்டிய முகப்படங்களாக மட்டும் இருக்கிறார்கள்! காஃப்மன் தீட்டிய ஆண் உருவங்களில் உறுதி போதவில்லை என்று பிற்பாடு கேலி வேறு. சிலையைப் பார்த்துத் தசையின் வடிவம் கற்கலாம். களைத்துப்போன இடுப்பு எப்படி நிற்கும் என்று பிளாஸ்டர் சொல்லாது.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான். எண்ணெய் வண்ணத்தைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை, ஓடுகிறேன்.

ஒரே விளக்கு, ஒரு பக்கத்து மேலிருந்து. கண்ணை இடுக்கிப் பார்த்தால் வெளிச்சம் ஒரு திட்டு, நிழல் ஒரு திட்டு என்று உடம்பு இரண்டாகும். டர்பன்டைன் என்ற கரைப்பானில் நீர்த்த பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தால் நிழல்திட்டை மட்டும் அடைத்து, வெளிச்சத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். மேலே வரும் பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டு போகலாம், அடியில் கூடினால் மேற்பூச்சு பின்னால் வெடிக்கும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் பெயரால் வழங்கும் வண்ணத்தட்டில் நாலே நிறம்: வெள்ளை, யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், வெர்மிலியன் என்ற சிவப்பு, கறுப்பு. பழக அது தாராளம். தோல்நிறம் என்று டியூபில் விற்பதை வாங்காதீர்கள், யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. நிழலுக்குக் கறுப்பை மட்டும் கலந்தால் மஞ்சளோடு சேர்ந்து பச்சை அடிக்கும். கறுத்த மேனிக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் நன்றாகப் பொருந்தும். அதில் பளபளப்புக்கு வெறும் வெள்ளை வைத்தால் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகும். சன்னல் வெளிச்சமானால் அந்தப் பளபளப்பில் நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். காது, விரல்மூட்டு, முழங்கால் மற்ற இடத்தைவிடச் சிவப்பு.

கடைசியாக ஒன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள். வணக்கம்.